இருக்க வேண்டிய ஆட்டம்

முன் பிரேக்கைப் பிடிக்கும்போது 'டக்' என்று சத்தம் வந்தால் உடனே பயந்துவிட வேண்டாம், ஐயா. பல வண்டிகளில் அது சும்மா வருகிற சத்தம்தான். பெரிய பைக்குகளில் பிரேக் டிஸ்க் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் சக்கரத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய வட்டு. அதைச் சுற்றி பிரேக் கவ்விப் பிடிக்கிற வளையம். இரண்டையும் சின்னச் சின்னக் குமிழ்கள் சேர்த்து வைத்திருக்கும். சூட்டில் வளையம் விரியும் என்பதால் அந்தக் குமிழ்களில் கொஞ்சம் ஆட்டம் வைத்தேதான் செய்கிறார்கள். நடு வட்டே சக்கரத்தில் ஆடினால்தான் ஆபத்து.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறானே என் தம்பி, இந்த இரண்டு ஆட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டு பேர் சாவுக்குக் காரணமாகிவிட்டதாக உங்களிடம் சொல்லியிருக்கிறான். நீங்களும் அதை நம்பி அவனை உள்ளே தள்ளப் போகிறீர்கள். அப்படி நடக்கக் கூடாது என்றுதான் நானாக வந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஒர்க்‌ஷாப் எங்கள் இருவருடையது. இடம் பிடித்தது நான், தம்பிக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக் கொடுத்ததும் நான். ஆனால் வாசலில் வண்டியை நிறுத்துகிறவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே "தம்பி இல்லையா?" என்பார்கள். நான் முழு உருவமாக எதிரே நின்றுகொண்டிருப்பேன். வீட்டிலும் அதே கதைதான். "உங்கள் தம்பிக்கு விரலிலேயே காது இருக்கிறது" என்று என் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொல்வாள்.

அவன் பார்க்கிற விதம் அப்படி. ஒருவரை வண்டியில் ஏற்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைக்கச் சொல்வான். தான் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, ஒரு விரலைப் பாதி வளையத்திலும் பாதி வட்டிலுமாக வைப்பான். யாராவது பேசினால் மற்றக் கையைத் தூக்கி நிறுத்துவான். அப்புறம் விரல் போல்ட்டுக்குப் போகும், டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பருக்குப் போகும், கடைசியில் ஹேண்டில் கழுத்துக்குப் போகும். சத்தம் பிறக்கிற இடத்தை விரலே கண்டுபிடித்துவிடும். நானும் அப்படி வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லா இடமும் ஒரே மாதிரிதான் அதிர்ந்தது.

மருந்துக்கடைக்காரர் வந்த அன்று தம்பி சாப்பிடப் போயிருந்தான். பிரேக் பிடித்தால் முன்னால் சத்தம் வருகிறது என்றார். நான் அசைத்துப் பார்த்துவிட்டு, டிஸ்க் போய்விட்டது, புதிதுதான் மாட்ட வேண்டும் என்றேன். எனக்கு அப்படித்தான் பட்டது. அதற்குள் தம்பி வந்துவிட்டான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு விரலை வைத்தான்.

"அண்ணே, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. இது இருக்க வேண்டிய ஆட்டம். பிரேக் பேடைப் பிடிச்சிருக்கிற பின்னுதான் தேஞ்சுபோய் டக்குங்குது. இதுக்குப் போய் டிஸ்க்கை மாத்திவிட்டா, இவரு நம்மள ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாரு."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவன் அதை மனதில் விஷம் வைத்துச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும், ஊர்க்காரர் ஒருவர் முன்னால் கூடப்பிறந்தவனிடமே மூக்கறுபடுவது எப்படி இருக்கும் என்பது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

தம்பி பின்னை மாற்றி, ஓட்டிப் பார்த்து, வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போனான். நான் டிஸ்க்கைச் சக்கரத்தோடு பிடித்திருக்கிற போல்ட்டுகளைக் கழற்றினேன். தானாகக் கழலாமல் இருக்க அவற்றின் மரையில் பசை போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் அந்தப் பசையைச் சுரண்டித் துடைத்து, கையால் திருகுகிற அளவுக்கு மட்டும் திரும்ப மாட்டினேன். ஒன்றைக்கூட நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன.

நான் எதிர்பார்த்தது சின்ன விஷயம். சத்தம் திரும்ப வரும், அவரும் திரும்ப வருவார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று தம்பியின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். யாரையும் கொல்லும் எண்ணம் எனக்குக் கிடையாது. பின்னால் மகள் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்.

ஆனால் அவர் வரவில்லை. போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"சத்தம் கூடியிருக்குங்க. இது தம்பி சொன்ன அந்த ஆட்டந்தானே? நாளைக்குப் பொண்ணை ஹாஸ்டல்ல விடணும், மலை இறங்கிப் போகணும். அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா? அவரு சொன்னா எனக்கு நிம்மதி."

நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்வதற்குத் தோதான நேரம் அதுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வாங்க என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டது என்னிடம் இல்லையே. தம்பி கூப்பிடு தூரத்தில் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். போனைக் கையால் பொத்திக்கொண்டு, ஒருவரிடம் விசாரிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன்.

"கேட்டேங்க. இருக்க வேண்டிய ஆட்டந்தானாம். தைரியமா போயிட்டு வாங்க."

யோசித்துப் பார்த்தால் அதில் என் வார்த்தை ஒன்றுகூட இல்லை. தம்பி சொன்னதைத்தான் சொன்னேன்.

இறக்கத்தில் ஒரு வளைவில் போல்ட்டுகள் அறுந்து, டிஸ்க் திருகிக்கொண்டு, முன் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. அவர் அங்கேயே போனார். மகள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்.

நொறுங்கிய வண்டியைத் தம்பி போய்ப் பார்த்தான். மரையில் பசை இல்லாததைப் பார்த்தும் அவனுக்கு என் நினைப்பு வரவில்லை. முன்பு யாரோ கழற்றியவன் பசை போடாமல் விட்டிருக்கிறான், நான் விரலை வைத்தும் தெரியாமல் போய்விட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டான். நேரே மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியின் காலில் விழுந்தான். நானும் கூடப் போயிருந்தேன். அவன் முகத்தில் காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தேன். அந்த அம்மா அவனைத் தூக்கி நிறுத்தி, "நீயாவது வந்து சொன்னியேப்பா" என்று அழுதார்.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதையேதான் பேசுகிறார்கள். தப்பை ஒப்புக்கொள்வதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்கிறார்கள். என்னிடம் வந்து, தம்பி சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று விசாரிக்கிறார்கள். என் மனைவி அவனை நினைத்து அழுகிறாள். இத்தனைக்கும் அவன் ஒன்றுமே செய்யவில்லை, ஐயா. எல்லாம் செய்தவன் நான். செய்யாத காரியத்துக்கு ஒருவன் பெயர் வாங்கிக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம்?

அதனால் அவனை விட்டுவிடுங்கள். அண்ணன் என்ற பாசத்தில்தான் இவ்வளவும் சொல்கிறேன். போல்ட்டைத் தளர்த்தியது நான், போனில் பேசியதும் நான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். அவனிடமும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆனால் அன்றைக்கு அந்த டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது, அவன் பார்த்தது சரிதான் என்று மட்டும் சொல்ல வேண்டாம். அது இன்னும் முடிவாகாத விஷயம்.