சனிக்கிழமை ஓட்டல்கள்

புது ஓட்டலுக்குப் போனால் முதலில் காபியைத்தான் வரவழைக்க வேண்டும் ஐயா. எல்லாரும் இட்லியைச் சொல்லிவிட்டுக் கடைசியில் காபிக்கு வருகிறார்கள். காபி சரியில்லாத இடத்தில் சட்னியும் சரியாக இருக்காது. முப்பத்தெட்டு ஓட்டல்களில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டது இது. இதையெல்லாம் எழுத வேண்டாம் என்கிறீர்கள். சரி. ஆனால் நடந்ததைச் சொல் என்றால், ஓட்டலிலிருந்துதான் என்னால் தொடங்க முடியும்.

என் பெயர் தாட்சாயிணி. கள்ளிக்குப்பம். என் கணவர் செங்கல்வராயனுக்கு ஏரிக்குக் கீழே நிலம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தை இல்லை. நல்ல மனிதர். ஒரு நாளும் என்னைக் கை நீட்டி அடித்ததில்லை, அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். போன ஆடியில் நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சும் போயிற்று. பட்டணத்து டாக்டர் பார்த்துவிட்டு, சனிக்கிழமைதோறும் வந்து மருந்து வாங்கிப் போகச் சொன்னார். கொழுந்தனார் எத்திராஜ் வெள்ளானூரில் இருக்கிறார். அவருக்கு நடவு வேலை. அதனால் நான் போனேன்.

எனக்குத் துணை சாராள். அம்பத்தூரில் பள்ளிக்கூட டீச்சர், என் வயதுதான். சனிக்கிழமை விடுமுறையில் பட்டணத்தில் இருக்கும் அக்காளைப் பார்க்கப் போவாள். இருவரும் ஒரே ரயிலில் ஏறுவோம். முதல் தடவை மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"இன்னா தாட்சா, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. வா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போலாம்" என்றாள் சாராள்.

"ஓட்டலுக்கா? பொம்பளைங்களா?"

"பொம்பளைங்களுக்குன்னு தனி ரூமு கீது. தெர போட்டு வச்சிகீறாங்க. உன்னை யாரும் முழுங்கிட மாட்டாங்க, வா."

பளிங்குக்கல் போட்ட மேஜை. தலைக்கு மேல் மின்விசிறி. சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதில் சாராளும் நானும் இரண்டு திருடிகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். பரிமாறுகிறவர் வந்து, "உங்களுக்கு என்ன வேணும் அம்மா?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் சுவர்தான் இருந்தது. என்ன இருக்கிறது என்றேன். கோதுமை அல்வா, ரவா கேசரி, பூரி கிழங்கு, நெய் தோசை, மசால் தோசை, தயிர் வடை, போண்டா என்று அவர் மூச்சு விடாமல் சொன்னார். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டபோது சாராள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரயிலில் வில்லிவாக்கம் தாண்டியும் சிரிப்பு அடங்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு புது ஓட்டல். போன இடத்துக்கு மறுபடி போவதில்லை என்று எங்களுக்குள் ஒரு சபதம். பட்டணத்தில் அப்போது மழைக்குப் பின் காளான் மாதிரி ஓட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்தன. டிராமில் போகும்போதே புதுப் பெயர்ப்பலகை தெரிகிறதா என்று நான் இடப்பக்கம் பார்ப்பேன், அவள் வலப்பக்கம் பார்ப்பாள். திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலில் தோசை வாழையிலையை விட நீளம். தங்கசாலையில் ஒன்றில் எங்களை முன்கட்டில் உட்கார விடவில்லை. அங்கே பிராமணர்களுக்குத் தனி, மற்றவர்களுக்குப் பின்கட்டு. பின்கட்டில்தான் அடுப்பு இருந்தது. எங்களுக்குத்தான் தோசை சூடாகக் கிடைத்தது. இரானிக்காரர் டீக்கடை ஒன்றில் சாராள் தைரியமாக நுழைந்துவிட்டாள், நான் அவள் குடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே ஒரு பன் தின்றேன். மவுண்ட் ரோட்டில் ஐஸ்கிரீம் சாப்பிட்ட அன்று எனக்குப் பல் கூசி, நாக்கு மரத்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில் அவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா. சாராளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். முதல் மூன்று வாரம் அது உண்மை. பிறகு பொன்னியம்மா மகள் பிரசவத்துக்கென்று வேப்பம்பட்டு போய்விட்டாள். தனியாக விட்டால் அவர் கட்டிலிலிருந்து புரண்டு விழுவார். தூங்கினால் விழமாட்டார். அதனால் பாலில் கொஞ்சம் அபின் கரைத்துக் கொடுத்தேன். பல் முளைக்கிற பிள்ளைகளுக்கே கொடுப்பதுதான். கடுகளவு கொடுத்தால் ஒரு ஓட்டலுக்குப் போய்வரப் போதும். இரண்டு ஓட்டல் என்றால் மிளகளவு.

சாயங்காலம் திரும்பி வந்ததும் அவரை எழுப்பி உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்வேன். பொட்டலத்தில் கொண்டுவந்ததைப் பிசைந்து ஊட்டுவேன். பரிமாறுகிறவர்கள் மாதிரி ஒரே மூச்சில் பட்டியல் சொல்லிக் காட்டுவேன். அவர் பாதி வாயால் சிரிப்பார். பதினோரு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதே கிடையாது. வீடு கலகலவென்று இருந்தது.

கார்த்திகையில் டாக்டர், அவர் உடம்பைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நல்ல குணம் தெரியுது. இன்னும் ரெண்டு மாசம். அப்புறம் நீ வர வேண்டியதில்லை" என்றார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்ட மாதிரி கையும் கூப்பினேன். ஆனால் அந்த வாரம்தான் மாம்பலத்தில் ஒரு ஓட்டலும் புரசைவாக்கத்தில் ஒரு ஓட்டலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது. புரசைவாக்கத்தில் மாடியிலேயே பெண்களுக்கு இடம், கிராமபோன் வேறு வைக்கப் போகிறார்களாம்.

அன்றிலிருந்து மருந்தை அவருக்குக் கொடுக்கவில்லை. குணம் நின்றுவிட்டது என்று டாக்டரிடம் சொல்லி, வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. வாங்கி வந்து பரணில் வரிசையாக அடுக்கிவைத்தேன். புட்டிகள் அழகாக இருந்தன, கொட்ட மனம் வரவில்லை.

ஆனால் அவர் உடம்பு கெட்டியான உடம்பு ஐயா. மருந்தில்லாமலே தேறியது. தை மாதம் விரல் அசைந்தது. மாசியில் கையை ஊன்றி உட்கார்ந்தார். ஒரு நாள் நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது "தாட்சாயிணி" என்றார். அதுவரை 'இந்தாமே' என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது.

"எனக்காக எம்மா அலைச்சல் உனக்கு" என்றார். பேச்சு குழறினாலும் விளங்கியது. "இனிமே நீ அலைய வேணாம்."

"எனக்கு இன்னா அலைச்சல்? ஒண்ணுமில்ல."

"ஒரு தபா நானும் வரேன். நீ சொல்றியே, அந்த ஓட்டலுங்கள நானும் பாக்கணும். அப்பால ஊட்டோட இரு."

அவர் கண்ணில் நீர் நின்றது. நான் துடைத்துவிட்டேன்.

மூன்று நாள் யோசித்தேன். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் வந்தால் பெண்கள் அறையில் உட்கார முடியாது. முன்னால் உட்கார வேண்டும். பரிமாறுகிறவர் அவரைத்தான் கேட்பார். அவர், "ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு இட்லி" என்பார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவருக்கு இட்லிதான் பிடிக்கும். அதோடு முடிந்துவிடும். பிறகு ஆயுசு முழுக்கக் கள்ளிக்குப்பம்.

புரசைவாக்கத்து ஓட்டலைப் பங்குனி இரண்டாம் சனிக்கிழமை திறந்தார்கள். அன்று காலை பாலில் புளியங்கொட்டை அளவு போட்டேன். கை தவறிக் கூடிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். நான் கை தவறுகிறவள் இல்லை. எவ்வளவு போட்டால் என்ன ஆகும் என்று ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "பாலு கசக்குது" என்றார்.

"வெல்லம் போடறேன்" என்றேன். போட்டேன். குடித்துவிட்டார்.

"இன்னிக்கு எங்க?"

"புரசைவாக்கம். மாடி மேல ஓட்டலு."

"பாத்துப் போ. படி வழுக்கும்" என்றார்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூச்சு விட்டு விட்டு வந்தது. பிறகு நின்று நின்று வந்தது. போர்வையைச் சரிசெய்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சாராள் நடைமேடையிலிருந்து குடையை ஆட்டிக்கொண்டிருந்தாள், ஓடினேன்.

அந்த ஓட்டலைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாகக் கீழே டிராம் போவது தெரிகிறது. கிராமபோன் பாடுகிறது. பாதாம் அல்வா வாயில் வைத்ததும் காணாமல் போகிறது. சாராள் பாட்டுக்குத் தலையாட்டி ஆட்டிக் காபியைத் தன் ரவிக்கையில் ஊற்றிக்கொண்டாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜை அம்மாளும் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "இன்னா தாட்சா, இன்னிக்கு உனக்குக் கல்யாணமா?" என்று சாராள் கேட்டாள்.

நாலு மணிக்குத் திரும்பினேன். அவர் உடம்பு சில்லிட்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து டிராமிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் வெள்ளானூருக்கு ஆள் அனுப்பினேன். எத்திராஜ் பழைய பாய் எடுக்கப் பரணில் ஏறி, மருந்துப் புட்டிகளைப் பார்த்துவிட்டார். மூடி திறக்காத புட்டிகள். மீதியை அபின் கடைக்காரர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

சாராளுக்கு எதுவும் தெரியாது. நேற்று இங்கே ஸ்டேஷனுக்கு வந்து வாசற்படியிலேயே நின்றாள். "என்னோட வர்றதுக்காகவா தாட்சா?" என்று கேட்டாள். "உனக்காக இல்ல, நீ மனசக் கொழப்பிக்காத" என்று சமாதானம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். ஏன் அழுதாள் என்று எனக்குப் புரியவில்லை.

அவ்வளவுதான் ஐயா. பால் காய்ச்சியது நான், கலந்தது நான், கொடுத்தது நான். எங்கே ரேகை வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எத்திராஜ் வெளியே நின்று என்னைக் கண்டபடி ஏசுகிறார். நீங்களும் இரண்டு முறை மேஜையைத் தட்டி மிரட்டிவிட்டீர்கள். அவர் மட்டும் உயிரோடு இருந்திருந்தால், என்னை யாரும் இப்படி ஒரு வார்த்தை சொல்ல விட்டிருக்க மாட்டார்.