அக்கா எழுதாத பக்கம்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, டிப்போவிலிருந்து சீருடையோடு நேராக வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

நாம் பஸ் அக்கா என்று அழைத்த நாவலாசிரியர் சென்ற வியாழக்கிழமை நம்மை விட்டுப் போய்விட்டார். நாம் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டினார். இரண்டு நடைகளுக்கு நடுவே கிடைக்கும் நாற்பது நிமிடத்தில், டிப்போ ஓய்வறையில், ஈரக் கையுறைகள் காயும் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு நாவல்கள் எழுதினார். அவரைப் புகழத்தான் என்னை அழைத்தீர்கள். புகழ்வேன். ஆனால் அவருக்கு நாம் செய்தது ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாவலின் கதாநாயகி இந்தியாவிலிருந்து வந்தவள். மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வையாளர். தன் வேலை போய்விடும் என்று பயந்து, கூட வேலை செய்பவளைப் பற்றிப் பொய் சொல்லி மாட்டிவிடுகிறாள். இந்த ஊர்க்காரர்களின் பதிப்பகத்துக்கு அக்காவோடு நானும் துணைக்குப் போயிருந்தேன். ஆசிரியர் அம்மையார் கைப்பிரதியைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "இதுல இந்தியப் பொண்ணு எங்க? ரெண்டு உலகத்துக்கு நடுவுல தவிக்கணுமே?"

அக்கா சொன்னார்: "தவிக்கிறாளே. கூட இருந்தவளைக் காட்டிக் கொடுத்துட்டுத் தூக்கம் வராம கிடக்குறா. அது போதாதுங்களா?"

"இல்ல, அடையாளம்..."

"காலையில வண்டியை எடுக்கும்போது நான் யாருன்னு யோசிக்க மாட்டேங்க. பிரேக் பிடிக்குதான்னுதான் பார்ப்பேன். இவளும் அப்படித்தான். அவ தங்கச்சிகிட்ட போன்ல சண்டை போடுறா பாருங்க, அவ யாருங்கறது அதுலயே இருக்கு."

அம்மையார் சிரித்தார். ஒப்பந்தமும் ஆனது. அச்சாகி வந்தபோது ஒன்பதாம் அத்தியாயத்தில் புதிதாக ஒரு பக்கம் இருந்தது. கதாநாயகி பெட்டியைத் திறக்கிறாள், அம்மாவின் பழைய புடவையில் முகம் புதைத்து அழுகிறாள். அக்கா எழுதாத பக்கம். மூன்று கடிதம் போட்டார். "சிறிய மெருகு" என்று ஒரு வரியில் பதில் வந்தது. மதிப்புரை எழுதியவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் மேற்கோள் காட்டினார்கள். எவ்வளவு கேவலம் பாருங்கள்.

வெளியீட்டு விழா இதே கூடத்தில் நடந்தது. தலைமை நான். அக்கா வாசித்துக்கொண்டே வந்தார், அந்த இடத்தில் நிறுத்தினார். "அடுத்த பக்கம் நான் எழுதல. அந்த அழுகை என் கதையில வர்ற பொண்ணோடது இல்ல" என்றார். பதிப்பகத்தார் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மைக்கை வாங்கி, "அக்கா தமாஷ் பண்றாங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

பதிப்பகத்தாராவது அந்நியர்கள். நாம் என்ன செய்தோம்? இரண்டாவது நாவலை நம் வட்டமே வெளியிடும் என்று வாக்குக் கொடுத்தோம். அதில், முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய ஒரு பெரியவர், புதிதாக வரும் நம்மவர்களுக்குத் தன் அடுக்குமாடியில் வீடு கொடுக்கக் கூடாது என்று மனுவில் கையெழுத்துப் போடுகிறார். ஐந்து பேர் குழு படித்தது. "நம் சமூகத்தின் அடையாளத்துக்கு இழுக்கு" என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியது.

குறிப்பை எழுதியவன் நான். நாவலில் வரும் பெரியவர் என்னைப் போலவே ஒரு பல் டாக்டர். எங்கள் கட்டடத்தில் அப்படி ஒரு மனு உண்மையிலேயே சுற்றியது. அதில் என் கையெழுத்து உண்டு. ஆம், சமூகத்தின் பெயரைச் சொல்லி நான் காப்பாற்றியது என் பெயரைத்தான். நான்கு வருடமாக இது எனக்குத் தெரியும். இன்று உங்களுக்கும் தெரியும்.

குறிப்பு கைக்குக் கிடைத்த அன்று அக்கா எனக்குப் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அவங்களுக்கு நாம அழுதாப் போதும். உங்களுக்கு நாம நல்லவங்களாத் தெரிஞ்சாப் போதும். மனுஷங்களா இருக்குறதுக்கு நான் எங்க போறது டாக்டர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இப்போது அவர் இல்லை. மூன்றே நாளில் பதிப்பகம் முதல் நாவலுக்கு நினைவுப் பதிப்பு அறிவித்துவிட்டது. பின்னட்டையில் அந்தப் புடவை அழுகை. நாமோ அழைப்பிதழில் "பண்பாட்டுக் காவலர்" என்று போட்டிருக்கிறோம். வாசலில் அவர் மகள் என்னைக் கேட்டாள்: "மாமா, அம்மா எதைக் காவல் காத்தாங்க?" உங்களில் யாரிடமாவது பதில் இருக்கிறதா? செத்தவர் மறுத்துப் பேச மாட்டார் என்ற தைரியம்தானே இது?

நண்பர்களே, இன்று காலை அக்காவின் கணவரோடு வழக்கறிஞரைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை நீக்கும்வரை நினைவுப் பதிப்பு வரக் கூடாது என்று பதிப்பகத்துக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. இரண்டாவது நாவலைப் பற்றிய என் குறிப்பை உங்கள் முன்னால் திரும்பப் பெறுகிறேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடு அந்த நாவல் அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் கூட்ட மாட்டோம், ஒரு சொல் குறைக்க மாட்டோம். மேடையில் இருக்கும் குழு நண்பர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

அதன் வெளியீட்டு விழாவுக்கு நான் தலைமை தாங்க மாட்டேன். உரையாற்றவும் மாட்டேன். மனுவில் அந்தப் பல் டாக்டர் கையெழுத்துப் போடும் அத்தியாயத்தை மட்டும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, நானே நின்று வாசிப்பேன்.