மஞ்சள் கெண்டி எரியணும்

— அணைஞ்சுபோச்சுங்கறேன் அக்கா. கவனிங்க. எரியல. அதான் புகார்.

— ஜாம்ஃபி வாத்தியாரே, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இருபத்திரெண்டு வருஷமா இந்த மேகசின் தெருவுல இஞ்சினைக் கழட்டி மாட்டுறேன். "அஃப்ரா அக்கா, இஞ்சின் விளக்கு எரியுது, அணைச்சுக் குடு"ன்னு வந்தவங்க ஆயிரம் பேரு. அணைஞ்சுபோச்சுன்னு அழுதுக்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான்.

— செவ்வாக்கிழமை நான் எதுக்கு வண்டியை விட்டேன்?

— பிரேக்குக்கு.

— பிரேக்கு. அதைத் தவிர வேற எதையாவது தொடச் சொன்னேனா?

— சொல்லல. ஆனா ஏழு மாசமா அந்த விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு, பாவம், நாலு பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கிற மனுசன்னு பரிதாபப்பட்டேன். தொறந்து பாத்தா இஞ்சினுக்குத் தீப்பொறி குடுக்கிற காயில்ல ரெண்டாவது செத்துக் கெடந்துச்சு. மோதி நொறுங்கின வண்டி ஒண்ணுல இருந்து நல்ல காயிலா எடுத்து மாட்டிவிட்டேன். காசுகூட கேக்கல. சத்தியமா சொல்றேன், என் ஆயுசுல ஓசியில செஞ்ச ஒரே வேலை அது.

— அந்த ஒரு தருமத்துக்கு ஊர்ல நான்தான் கெடைச்சேனா?

— நல்லது பண்ணினா ஏச்சுதான் மிச்சம். விளக்கு அணைஞ்சதுல ஒங்களுக்கு என்னய்யா நட்டம்?

— அக்கா, என் குடும்பத்துல கார் வச்சிருக்கிறவன் நான் ஒருத்தன். கவனிங்க, ஒரே ஒருத்தன். மூணு வருஷமா சனிக்கிழமை தவறாம சாவு. கொனோங்கோவுல சாவு, மம்போங்குல சாவு, அகோகோவுல சாவு. எங்க எவரு கண்ணை மூடினாலும் எங்க துவுமாசி மாமா போன் பண்ணுவாரு. "மருமவனே, வண்டியை எடு."

— தாய்மாமன் கூப்பிட்டா போய்த்தானே ஆகணும்?

— போனேனே! கறுப்புத் துணி கட்டின பெரியம்மாங்க ஆறு பேரு ஒரே சீட்டுல. டிக்கியில முரசு. ஒரு தடவை சவப்பெட்டியோட மூடியை வண்டிக் கூரை மேல கட்டிக்கிட்டு, குமாசி பூரா சுத்திப் போனேன். இன்னொரு தடவை ஆட்டுக்கடாவுக்கு முன்சீட்டு, என் பொண்டாட்டிக்குப் பின்சீட்டு. ஆடு சீட் பெல்ட்டைத் தின்னுடுச்சு.

— அது ஆடா? நான் எலின்னு நெனைச்சேன்.

— அப்புறம் ஏழு மாசத்துக்கு முன்னால, மம்போங் ஏத்தத்துல, அந்த விளக்கு எரிஞ்சுது. மாமா பக்கத்துல உக்காந்திருக்காரு. "இது என்ன மருமவனே, மஞ்சளா ஒரு கெண்டி?"ன்னாரு. "மாமா, இஞ்சினுக்கு ஒடம்பு சரியில்ல, தூரம் போனா நடுவழியில நின்னுடும்"னேன். மனுசன் பயந்துட்டாரு. அன்னையோட போன் நின்னுபோச்சு.

— வண்டி ஓடத்தானே செஞ்சுது?

— கொஞ்சம் ஒதறும். ஒதறினா என்ன? முப்பது சனிக்கிழமை கெடைச்சுது அக்கா! என் பொண்ணு செர்வாவுக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தேன். என் வீட்டு ஃபுஃபுக் களியை, என் வீட்டு வேர்க்கடலைச் சாறோட, சூடு ஆறாம உக்காந்து தின்னேன். மாமரத்து நெழல்ல படுத்துத் தூங்கினேன். நாப்பத்தஞ்சு வயசுல மொதமொதலா எனக்குன்னு ஒரு நாள் இருந்துச்சு. நீங்க ஒரு காயிலைப் போட்டு அதைப் பிடுங்கிட்டீங்க.

— அடப் பாவமே. இப்படின்னு தெரிஞ்சிருந்தா நான் கையே வச்சிருக்க மாட்டேன். சரி, அணைஞ்சது மாமனுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே?

— நான் மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். என் வீட்டுக்காரி மூடலையே! நேத்து சாயங்காலம் சர்ச்சுல எந்திரிச்சு நின்னு, "கர்த்தர் எங்க வண்டியைச் சொஸ்தமாக்கினாரு"ன்னு சாட்சி சொல்லிட்டா. எல்லாரும் அல்லேலூயான்னு கைதட்டினாங்க. மூணாவது வரிசையில மாமா.

— கர்த்தரா? காயில் போட்டது நானு!

— ராத்திரி போன் வந்துடுச்சு. "மருமவனே, வண்டி எந்திரிச்சிடுச்சாமே, வந்து பாக்குறேன்"னாரு. பதறிப்போய், "இல்ல மாமா, மறுபடியும் எரியுது, காலையில மேகசினுக்குக் கொண்டுபோறேன்"னு சொல்லிட்டேன். "அப்ப நான் அங்கயே வந்துடுறேன், பத்து மணிக்கு"ன்னுட்டாரு.

— இப்ப பத்தேகால்.

— அதான் கெஞ்சுறேன். அந்தப் பழைய காயிலையே மாட்டிக் குடுங்க.

— அதைப் பழைய இரும்புக்காரன் நேத்தே அள்ளிக்கிட்டுப் போயிட்டான்.

— வேற எதையாவது கெடுங்க.

— என்ன பேச்சு வாத்தியாரே இது? நல்லா இருக்கிற வண்டியை நான் கெடுத்ததே கெடையாது.

— ஊர்ல அப்படிச் சொல்லலையே.

— எவன் சொன்னான்?

— ஒண்ணைச் சரிபண்ணக் குடுத்தா ரெண்டைச் சேத்துக் குடுப்பீங்கன்னு பேச்சு. நானே நாலு பேருகிட்ட சொல்லியிருக்கேன். இன்னைக்குன்னு பாத்து ஒங்களுக்கு ஒழுக்கம் வந்துடுச்சு.

— சாகப்போற நேரத்துலயும் வாய் மட்டும் கொறையல. சரி, பானெட்டைத் தூக்குங்க. இதோ, காத்து வடிகட்டிக்குப் பின்னால ஒரு பிளக் இருக்கில்ல? உள்ள எவ்வளவு காத்து போகுதுன்னு இஞ்சினுக்குச் சொல்றது இதுதான். இதை உருவிட்டா இஞ்சினுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. விளக்கு எரிஞ்சே தீரும். மாமன் போனதும் மறுபடி மாட்டிக்கலாம்.

— அவரு கண்டுபிடிச்சிட்டா?

— அவருக்கு என்ன தொழிலு?

— மரம் ஏத்துற லாரி ஓட்டினாரு. முப்பது வருஷம்.

— ஐயையோ!

— பயப்படாதீங்க. அவரு ஓட்டின லாரியில முன்னால ரெண்டு விளக்கு இருந்தாலே பெரிய விஷயம். இதைப் போயி கெண்டிங்கறாரு அக்கா! அவருக்கு என்ன தெரியும்?

— ஒங்க தலையெழுத்து. இந்தா, உருவிட்டேன். சாவியைத் திருப்புங்க.

— எரியல.

— ஓடவிடுங்க கொஞ்சம்.

— எரியலக்கா! ஐயோ, அந்த டயர்க் கடை முன்னால பாருங்க. கைத்தடி. செவப்புத் துணி. மாமாவேதான்!

— ஆக்சிலேட்டரை மிதிங்க!

— வந்துடுச்சு! கெண்டி வந்துடுச்சு! கடவுளே, எவ்வளவு அழகா இருக்கு!

— பல்லைக் காட்டாதீங்க வாத்தியாரே. மூஞ்சியைத் தொங்கப் போடுங்க. வந்துட்டாரு.

— என்ன மருமவனே, வண்டிக்குத் திரும்பவும் சொகமில்லையாமே?

— வாங்க மாமா. நீங்களே பாருங்க. முந்தாநாள்தான் அணைஞ்சுது. மறுபடியும் பழைய குருடி கதவைத் தெறடிதான்.

— ஆமா, கெண்டி எரியத்தான் செய்யுது. சே! ஒம் பொண்டாட்டி சாட்சி சொன்னப்ப எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நீதான் ஃபிட்டராம்மா? என்னவாம் நோவு?

— அது வந்து பெரியவரே... மூச்சுக் கோளாறு.

— மூச்சா? இருக்கும், இருக்கும். இந்தப் புழுதிக் காத்துல மனுசனுக்கே இழுக்குது. பானெட்டு தொறந்துதானே கெடக்கு, நானும் ஒரு பார்வை பாத்துக்குறேன்.

— வேணாம் மாமா, துணியெல்லாம் கறையாயிடும்.

— முப்பது வருஷம் கறைக் கையாலதான் சோறு தின்னேன். தள்ளு. ம்... ம்ம்... சரி சரி.

— என்ன மாமா?

— என்னத்த? நம்ம காலத்து லாரிக்கு நோவுன்னா அதுவே ஊரு கேக்கக் கத்தும். இந்தக் காலத்து வண்டி சத்தமில்லாம கண்ணால அழுவுது. எனக்கு இதுல என்ன தெரியும்?

— அதானே மாமா.

— அகோகோவுல ஃப்ரேமா பெரியம்மா போயிட்டா, கேள்விப்பட்டியா? வர்ற சனிக்கிழமை, செத்து ஒரு வாரம் ஆனதுக்குத் துக்கம்.

— கேட்டதுல இருந்து மனசே சரியில்ல மாமா. வண்டி மட்டும் நல்லா இருந்திருந்தா மொத ஆளா நின்னிருப்பேன்.

— தெரியும்டா. அதான் குடும்பக் கூட்டத்துல நானே எந்திரிச்சுச் சொன்னேன். ஜாம்ஃபி மூணு வருஷமா நமக்காக ஓடா தேஞ்சுட்டான். இனிமே எந்தச் சாவுக்கும் அவன் வண்டியை ஊர் விட்டு ஊர் ஓட்டச் சொல்லக்கூடாதுன்னேன்.

— மாமா! மெய்யாலுமா?

— எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

— மாமா, இதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அஃப்ரா அக்கா, கேட்டீங்களா? எங்க மாமா மாதிரி மனுசன் உண்டா?

— கேட்டேன், கேட்டேன். சொல்லி முடிக்க விடுங்க.

— ஆமா, முழுசாக் கேளு. நீ வரமாட்டேன்னா சொல்ற? வரமுடியல. சொந்தக்காரங்க கூடுற எடத்துல நீ மட்டும் தனியா மாமரத்தடியில கெடந்தா மனசு என்ன பாடுபடும்? அதான் முடிவு பண்ணிட்டோம். நீ சாவு வீட்டுக்கு வரமுடியலன்னா என்ன, சாவு ஒன் வீட்டுக்கு வரட்டும். இந்தச் சனிக்கிழமை பெரியம்மா துக்கம் ஒன் வாசல்லதான். ஆளு அதிகமில்ல, ஒரு இருநூறு பேரு.

— என் வீட்லயா? இந்த ஒரு சனிக்கிழமை மட்டும்தானே மாமா?

— இனிமே எல்லாத் துக்கமும் அங்கதான். குமாசின்னா எல்லாருக்கும் வந்துபோக வசதி. மாமரமும் நல்ல நெழல். பாப்பா சைக்கிள் ஓட்டுற எடத்துல அடுப்பைப் போட்டுடலாம், ஸ்பீக்கர் பெட்டியை ஒன் படுக்கையறை ஜன்னலோரம் வச்சுக்கலாம்.

— அக்கா... ஏதாவது சொல்லுங்க அக்கா.

— நான் என்னத்தச் சொல்றது? எனக்கு வண்டி ஒண்ணுதான் தெரியும்.

— அழாத மருமவனே, பெரியம்மாவுக்கு வயசாயிடுச்சு. ஏம்மா ஃபிட்டரு, காத்து வடிகட்டிக்குப் பின்னால ஒரு பிளக் தொங்குது பாரு, அதை மாட்டிவிட்டுடு. பந்தக்காலும் நாற்காலியும் இப்பவே ஏத்தணும், டயர்க் கடையில ஆட்டுக்கடாவைக் கட்டியிருக்கேன், அதுக்கு முன்சீட்டுதான் பழக்கம்.