இரண்டாவது சிடி

விசிடியில் ஒரு படம் என்றால் இரண்டு சிடி. இடைவேளை வரை ஒன்று, மிச்சம் இன்னொன்று. நான் எழுதுவதை மராத்தியில் மாற்றும்போது இதை முதலில் எழுதிவிடுங்கள் சவரிமுத்து. உங்கள் இன்ஸ்பெக்டர் தியேட்டரில் மட்டும்தான் படம் பார்ப்பாராம். இந்த விஷயம் தெரியாவிட்டால் மற்றது எதுவும் அவருக்குப் பிடிபடாது.

நானே எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டு வாங்கியதற்கு வேறு உள்நோக்கம் கிடையாது. நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினால் அது இந்தக் கட்கி ஊரின் மராத்தி கலந்த தமிழாகிவிடும். தப்பாக நினைக்காதீர்கள். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம், நீங்கள் எழுத்துக் கூட்டியாவது தமிழ் படிக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம்.

என் பெயர் ஜம்புநாதன். வயது நாற்பத்தெட்டு. சொந்த ஊர் திருவானைக்காவல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆகுர்டியில் ஸ்கூட்டருக்குப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கடைசிப் பரிசோதனை என் பொறுப்பு. என் முத்திரை விழாமல் ஒரு பாகமும் வெளியே போகாது, கண்ணால் பார்க்காத எதற்கும் நான் முத்திரை வைத்ததும் இல்லை. படங்களிலும் அப்படித்தான். எவ்வளவு மட்டமான படமானாலும் கடைசிப் பெயர் ஓடி முடியும் வரை எழுந்திருக்க மாட்டேன்.

படம் பார்த்துப் பேசுகிற எங்கள் வட்டத்தில் எட்டுப் பேர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, கட்கி பஜாருக்குப் பின்னால் கிரிஜா டீச்சர் வீட்டு முன்னறையில் கூடுவோம். அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் இன்னொருவருக்கு ஒரு படத்தைச் சிபாரிசு செய்து சிடியைக் கையில் கொடுப்பார். ஏன் என்று சொல்ல மாட்டார். காரணத்தை ஒரு சீட்டில் எழுதி, ஒட்டி, டீச்சரின் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார். வாங்கியவர் படத்தைப் பார்த்து விமர்சனம் எழுதி, அடுத்த மாதம் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சீட்டைப் பிரிப்போம். சுப்ரஜா என்ற பெண் ஒரு முறை எனக்கு ஒரு சமையல்காரனைப் பற்றிய படம் கொடுத்தாள். முதுமை, தனிமை என்றெல்லாம் நான்கு பக்கம் எழுதிப் படித்தேன். சீட்டைப் பிரித்தால், ‘ஜம்பு சார் டிபன் டப்பாவில் தினமும் தயிர்சாதம்’ என்று இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கல்யாணசுந்தரம் வட்டத்தில் சேர்ந்தது போன வருடம் தீபாவளிக்கு அப்புறம். கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேர் வேலை, முப்பத்து மூன்று வயது, ஔந்த் பகுதியில் தனியாக ஃபிளாட் எடுத்துத் தங்கியிருந்தார். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுவார். என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். அளவுக்கு மேல் மரியாதை காட்டுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் ஜாக்கிரதை உண்டு. மரியாதைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். தொழில் புத்தி.

இந்த ஜூன் மாதம் எனக்கு ஒரு படம் கொடுத்தார். போட்டோ ஸ்டூடியோ நடத்தும் அண்ணன் தம்பி கதை. சீட்டில் ‘நடிப்புக்காக’ என்று எழுதியிருந்தார். ஜூலையில் இன்னொன்று. வறண்ட ஊரில் கிணறு தோண்டுகிறார்கள், கடைசியில் தண்ணீர் வருகிறது. சீட்டில் ‘ஒளிப்பதிவுக்காக’. ஆகஸ்டில் ஒரு பழைய வங்காளப் படம். படகோட்டிகளான அண்ணன் தம்பி. முதலில் அண்ணன் தம்பி, அடுத்தது தண்ணீர், மூன்றாவதில் இரண்டும். எட்டுப் பேர் இருக்கிற வட்டத்தில் மூன்று மாதமும் எனக்கேதான் கொடுத்தார். ஜம்பு சார் மாதிரி யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் என்று டீச்சரிடம் சொன்னாராம். நீங்கள் போலீஸ்காரர். நீங்களானால் நம்புவீர்களா?

எனக்கு விச்சு என்று ஒரு தம்பி இருந்தான். 1994 செப்டம்பரில், ஆகுர்டிக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்குவாரிக் குட்டையில் மூழ்கிப் போனான். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. இது வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், நானேதான் சொன்னேன். நான் டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நடந்துவிட்டது என்பதும் தெரியும். கேட்டவர்கள் ‘அடப்பாவமே’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். மனிதர்கள் அப்படி இருந்தால்தான் சேர்ந்து உட்கார முடியும். கல்யாணசுந்தரம் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வங்காளப் படத்தின் முதல் சிடி ஒழுங்காக ஓடியது. இரண்டாவது நாற்பதாம் நிமிடத்தில் நின்றது. தம்பி படகிலிருந்து தவறி விழுகிறான். அண்ணன் கரையில் நிற்கிறான். தம்பியின் கை தண்ணீருக்கு மேலே வருகிறது. அங்கே படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிட்டது. வேட்டித் துணியால் துடைத்துப் போட்டேன். பற்பசை தடவிக் கழுவினால் ஓடும் என்பார்கள், அதையும் செய்தேன். மறுபடி அதே இடம், அதே கை.

போன் செய்திருந்தால் வேறு காப்பி கொடுத்திருப்பார். ஆனால் கூட்டத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. படத்தை முடிக்காமல் வந்தவன் என்ற பெயரை நான் அதுவரை எடுத்ததில்லை. மிச்சம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் என்ன நடக்கும் என்று எனக்கா தெரியாது? உட்கார்ந்து எழுதினேன். ஒரே மூச்சில் வந்தது, அடித்தல் திருத்தல் இல்லை.

நோட்டுப் புத்தகம் உங்களிடம்தான் இருக்கிறது, இருந்தாலும் அந்தப் பகுதியைச் சொல்கிறேன். அண்ணன் தோளில் ஒரு துண்டு. தம்பி அதைத்தான் பார்க்கிறான். அவன் கை மூன்று முறை நீள்கிறது. அண்ணன் துண்டை எடுக்கிறான். எடுத்து, வீசாமல், மெதுவாகத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறான். மூன்றாவது சுற்று முடியும்போது தண்ணீர் அடங்கிவிடுகிறது. பின்னணி இசை கிடையாது. ‘நான் பார்த்த முடிவுகளிலேயே நேர்மையானது இது’ என்று முடித்திருந்தேன்.

படித்து முடித்தேன். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்யாணசுந்தரம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“துண்டுங்களா சார்? படத்துல துண்டே இல்லீங்களே.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் நோட்டுப் புத்தகத்தை மூடினேன். பிறகு அவரே டீச்சர் பக்கம் திரும்பினார்.

“சீட்டை இப்பப் பிரிக்க வேண்டாங்க டீச்சர். சார் கடைசி சீன் பாக்கலைன்னு நெனைக்கறேன். அதைப் பாத்துட்டு வரட்டும், அடுத்த மாசம் பிரிச்சுக்கலாம்.”

வட்டம் தொடங்கி ஐந்து வருடத்தில் ஒரு சீட்டு பிரிக்கப்படாமல் டப்பாவுக்குள் திரும்பிப் போனது அன்றைக்குத்தான். என்னைச் சுற்றி ஏழு பேர் டீ குடித்துக்கொண்டு பக்கோடா தின்றார்கள். நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது கல்யாணசுந்தரம் படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். “எங்கிட்ட இன்னொரு காப்பி இருக்குதுங்க சார். அந்தக் கடைசி இருவது நிமிஷம் நீங்க பாத்தே ஆகோணும். உங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும்னு எனக்கு ஆசைங்க.”

ஆசையாம். வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். நான் ஆத்திரப்படுகிற ஆள் இல்லை, வேண்டுமானால் தொழிற்சாலையில் கேட்டுப் பாருங்கள். கீறல் விழுந்த சிடியைத் தெரிந்தே கொடுத்திருக்கிறார். முடிவை மறைத்துவிட்டால் நான் என் முடிவை எழுதுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எழுதினேன், எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படித்தேன். இனி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, உண்மையான முடிவு ஓடும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அடுத்த மாதம் எட்டுப் பேர் நடுவில் சீட்டைப் பிரித்து அதிலிருப்பதைப் படிக்க வேண்டும். இவ்வளவு பொறுமையாக ஒருவர் என்னைப் பரிசோதித்ததை நினைத்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் மதிப்பே வந்தது.

இருந்தாலும் ஒரு வாரம் பொறுத்தேன். சந்தேகத்தின் பலனை யாருக்கும் கொடுக்க வேண்டும். அந்த வாரத்தில் அவர் தொழிற்சாலைக்கு இரண்டு முறை போன் செய்தார், எப்போது வருகிறீர்கள் என்று. டீச்சரிடம் என் தம்பி பெயர் என்ன, எந்த மாதம் இறந்தான் என்று விசாரித்திருக்கிறார். டீச்சரே என்னிடம் வெள்ளந்தியாகச் சொன்னார். இதற்கு மேலும் பார்க்க என்ன இருக்கிறது?

நானே அவருக்குப் போன் செய்தேன். படத்தில் வருகிற மாதிரியே ஓர் இடம் இருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு உங்கள் வீட்டில் சிடி பார்க்கலாம் என்றேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். செப்டம்பர் கடைசி ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. மழை விட்டு நல்ல வெயில். குவாரிக் குட்டை விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. கேமரா கொண்டுவந்திருந்தார், ஆனால் படம் எடுக்கவில்லை.

நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். “தெரியாதுங்க சார், தண்ணின்னாலே பயமுங்க” என்றார். விளிம்பில் வந்து நின்றால்தான் ஆழம் தெரியும் என்றேன். வந்து நின்றார்.

“தம்பி இங்கதானுங்களா சார்?”

அவர் கண் கலங்கியிருந்தது. நன்றாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தோளில் கை வைத்தேன், ஆறுதலுக்கு வைக்கிறேன் என்று நினைத்து அவரும் என் கை மேல் கை வைத்தார். அதிக பலம் தேவைப்படவில்லை. இந்த முறை நான் துண்டு கொண்டுபோகவில்லை.

அன்று அவர் என்னோடு எங்கே போகிறார் என்பதைக் கிளம்பும்போதே டீச்சருக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். அவர் திரும்பி வராததும், டீச்சர் தன் வீட்டில் நான் விட்டுவந்திருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தார். நீங்கள் என் விமர்சனத்தை இன்ஸ்பெக்டருக்கு வரி வரியாக மாற்றிச் சொன்னீர்கள். அவர் அந்தப் படத்தை வரவழைத்துக் கடைசி வரை பார்த்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், படத்தில் இல்லாத துண்டு உன் எழுத்தில் எங்கிருந்து வந்தது என்று. பல வருடமாக எழுதுகிறேன், என்னை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை.

விச்சுவைப் பற்றியும் எழுதச் சொன்னார். எழுதுகிறேன். அவனை இங்கே வரவழைத்து வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். மூன்றே வருடத்தில் எல்லோருக்கும் வேண்டியவன் ஆகிவிட்டான். கான்டீனில் அவன் மேஜையில்தான் கூட்டம். சூப்பர்வைசர் பதவிக்கு நாங்கள் இருவரும் எழுதிப்போட்டோம், அவனுக்குக் கிடைத்தது. அடுத்த ஞாயிறு இனிப்பு வாங்கிக்கொண்டு என்னை அந்தக் குட்டைக்கு அழைத்துப் போனான், அவனுக்குப் பிடித்த இடம். கால் நனைக்க இறங்கியவன் பாசியில் வழுக்கினான். நான் தள்ளவில்லை, அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். சிறு வயதில் வீட்டில் பொத்திப் பொத்தி வளர்த்ததால் காவிரிக் கரையில் பிறந்தும் நீச்சல் பழகாதவன். நான் காவிரியை அக்கரைக்கும் இக்கரைக்குமாக நீந்தியவன். “அண்ணா, துண்டைப் போடு” என்றான். மூன்று முறை சொன்னான். நான் டீக்கடைக்குப் போகவில்லை. டீக்கடைக்குப் பிறகுதான் போனேன்.

இத்தனையும் எழுதி முடித்த நேரத்தில் கிரிஜா டீச்சர் பிஸ்கட் டப்பாவை இங்கே கொண்டுவந்து கொடுத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரிக்கும் முன் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது, தேதி ஆகஸ்ட் பத்து, கையெழுத்து கல்யாணசுந்தரத்துடையது. நீங்கள்தான் படித்தீர்கள் சவரிமுத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி. அதையும் இதோடு சேர்க்க வேண்டும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

‘கடைசிக் காட்சிக்காக. அண்ணன் குதித்துத் தம்பியைக் கரை சேர்த்துவிடுகிறான். டீக்கடைக்குப் போன அந்தப் பத்து நிமிடத்துக்காக ஜம்பு சார் இன்னமும் தன்னை மன்னிக்கவில்லை என்று டீச்சர் சொன்னார். படத்திலாவது சாரின் கை எட்டட்டும்.’

இதைக் கேட்ட பிறகு என் வாக்குமூலத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று படுகிறது. அந்த இருபது நிமிடத்தைப் பார்க்காமலே விமர்சனம் எழுதியது தவறு. யோசித்துப் பார்த்தால், நான் செய்த தவறு அது ஒன்றுதான்.