எஃபி அந்த இடத்தை விட்டுப் போகவில்லை

இரவு பன்னிரண்டு மணி. நல்ல வெயில். மலையிலிருந்து இந்தப் படகுத்துறைக்கு இறங்கி வருகிற சரளைச் சாலை... ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. நாளைக்கு நீங்கள் எல்லோரும் சைக்கிள் மிதித்து ஏறப்போகிற அதே சாலை.

இருட்டில்தான் இதெல்லாம் நடக்கும் என்று நினைக்காதீர்கள். பூமியின் இந்த வடகோடியில் ஜூலையில் சூரியன் மறையாது, எங்களுக்கு இருட்டு ஏது. அவள் நின்றது வெட்ட வெளிச்சத்தில்.

நெருப்பைச் சுற்றி நெருங்கி உட்காருங்கள். புகைக்குள் இருந்தால் கொசு வராது. ஆற்றில் மரம் மிதந்து வருகிறது, காலைவரை அக்கரைக்குப் படகு ஓடாது என்று லயனல் சொல்லிவிட்டான். படகில் கயிறு பிடிக்கிறானே, அவன்தான். இது அவன் குடும்பத்தில் நடந்தது. அவன் இருந்தால் சொல்ல மாட்டேன். தூங்கப் போய்விட்டான்.

எஃபி லயனலின் அக்கா. சில வருடம் முன்னால் இந்தச் சாலையைச் செப்பனிட ஒரு தெற்கத்திக் கம்பெனி வந்தது. அதில் அவள் கொடிக்காரியாகச் சேர்ந்தாள். வழியில் பார்த்திருப்பீர்கள். கம்பில் ஒரு பலகை, ஒரு பக்கம் ‘நில்’, மறுபக்கம் ‘மெதுவாகப் போ’. இடுப்பில் வாக்கி டாக்கி ரேடியோ. வழிகாட்டிக் கூட்டிப்போகிற பைலட் வண்டி வரும்வரை வருகிறவர்களை நிறுத்தி வைக்க வேண்டும். கார், லாரி எல்லாம் அந்த வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போகும். சைக்கிளை மட்டும் ஓட்டிப் போக விடமாட்டார்கள். தூக்கி வண்டிக்குள் போட்டு, வேலை நடக்கிற இடத்தைத் தாண்டி இறக்கிவிடுவார்கள்.

எஃபிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. குடியை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. மகள் மேபலிடம் பெருமையாகச் சொல்வாளாம், நான் கையைத் தூக்கினால் பதினெட்டுச் சக்கர லாரியும் நிற்கும் என்று.

ஒருநாள் தெற்கே காட்டுத்தீ. மத்தியானத்துக்குள் புகை மலையைத் தாண்டி வந்துவிட்டது. முன்னால் நிற்கிற ஆள் தெரியாத புகை. மேஸ்திரி, கர்ட் என்று பெயர், ஆட்களை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். வேலை நடந்த இடத்தின் வடக்குக் கடைசியில் எஃபி நின்றுகொண்டிருந்தாள். யாராவது அவளைக் கூட்டி வந்திருப்பார்கள் என்று முதல் வண்டிக்காரன் நினைத்தான். இரண்டாவது வண்டிக்காரனும் அப்படியே நினைத்தான். கர்ட் நினைக்கவே இல்லை.

புகை விலகிய பிறகு போய்ப் பார்த்தபோது அவள் இல்லை. ஓடைப் புதரில் தலைக்கவசம் மட்டும் கிடந்தது. ஊரே தேடியது. வேறெதுவும் கிடைக்கவில்லை.

கம்பெனி விசாரித்தது. விசாரிக்க வந்த ஆள் லயனலிடம் கேட்ட முதல் கேள்வி, உங்க அக்கா கடைசியா எப்பக் குடிச்சாங்க? கர்ட் சத்தியம் செய்து சொன்னான்: நான் ரேடியோவில் கூப்பிட்டேன், பதில் இல்லை, அவள் அதற்கு முன்பே இடத்தை விட்டுப் போய்விட்டாள். அதையே முடிவு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் மேபலிடம், உங்கம்மா குடிச்சிட்டு வேலையை விட்டு ஓடிட்டாங்களாமே என்று கேட்டிருக்கிறான். ஒன்பது வயசுப் பிள்ளை. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்குப் போகவில்லை.

 

எஃபிக்கும் லயனலுக்கும் ஒரு தங்கை, டோரா. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. என் அக்கா இடத்தை விட்டுப் போகவில்லை என்று கர்ட் தன் வாயால் சொல்ல வேண்டும். மேபல் காதில் விழுகிற மாதிரி. போன் செய்தாள், ஹலோ என்றவன் விஷயம் கேட்டதும் வைத்துவிட்டான். கம்பெனி வாசலில் போய் நின்றாள். உள்ளேயே விடவில்லை, அவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த கோடை. சாலையில் எந்த வேலையும் கிடையாது. கம்பெனி எப்போதோ மூட்டை கட்டிவிட்டது. ஒருநாள் ஒரு ஜெர்மன்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். தலையிலிருந்து கால்வரை சேறு. படகில் ஏறும்போதே லயனலைப் பிடித்துத் திட்டினார். மலைக்கு இந்தப் பக்கம் உங்கள் கொடிக்காரி என்னை நிறுத்தி வைத்தாள், பைலட் வண்டி வரும் வரும் என்றாள், வரவே இல்லை, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டி நிமிர்ந்தால் ஆளைக் காணோம், இப்படித்தான் வேலை செய்வீர்களா என்று. லயனல் சிரித்தான். வெயிலில் ரொம்ப மிதிச்சிட்டீங்க அண்ணே, டீ குடிங்க என்று அனுப்பிவிட்டான்.

பிறகு ஒரு கொரியத் தம்பதி. அவர்களுக்குக் கோபமில்லை. பாவம், தனியாக நிற்கிறாள் என்று கையில் ஒரு சாக்லேட் கொடுத்திருக்கிறார்கள். முகத்தில் கொசுவலை போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. கை உறை அழகாக இருந்தது என்று அந்தப் பெண் சொன்னாள். மான் தோல், மணி கோத்த நீலப் பூ... இடது கையில் மட்டும் பூ பாதியில் நிற்கிறது.

லயனலுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கை உறையைத் தைத்தவள் டோரா. முடிப்பதற்குள் எஃபி பிடுங்கி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

லயனல் லாரியில் மூன்று முறை போய்ப் பார்த்தான். ஒன்றுமில்லை. காற்றும் புழுதியும்தான்.

டோரா நேராக என் ரிப்பேர் கடைக்கு வந்தாள். சுவரில் ஒரு சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது, யாரோ பயணி சக்கரம் கோணிப்போய் விட்டுவிட்டுப் போனது.

“அதை இறக்கி ரிப்பேர் பண்ணிக் குடுங்க அண்ணே.”

“ஸ்கூல்ல விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டதுக்கப்புறம் நீ சைக்கிளைத் தொட்டதே இல்லையேம்மா.”

“லாரிக்காரனை அவ நிறுத்துனா அவன் பாட்டுக்குத் தாண்டிப் போயிருவான். சைக்கிள்காரன்தான் நிப்பான். நானும் நிக்கணும்.”

கோணலை நிமிர்த்திக் கொடுத்தேன்.

லயனல் அவளைக் கணவாய் உச்சியில் இறக்கிவிட்டான். பின்னால் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவன் முன்னால் போய் அடுத்த ஓடைப் பாலத்தில் காத்திருந்தான். அவள் தனியாக மிதித்தாள். அந்த இறக்கம் எப்படி என்று நாளைக்கு ஏறும்போது உங்களுக்கே தெரியும். கரிய சரளை, பல் மாதிரி கூராக இருக்கும். எதிர்க்காற்று ஆளைப் பின்னுக்குத் தள்ளும். இறக்கத்திலும் மிதித்துத்தான் இறங்க வேண்டும். இரண்டு முறை விழுந்தாள். முழங்கை கிழிந்தது. நள்ளிரவுச் சூரியன் வடக்கே, மலை விளிம்பில், கண்ணுக்கு நேராக.

முதலில் கொசு நின்றது. காதைச் சுற்றி ஓயாமல் ரீங்காரம்... திடீரென்று இல்லை. பிறகு காற்று நின்றது. பிறகு வாடை. வானம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது, ஆனால் மூக்கில் காடு எரிகிற வாடை. ஈரப் பாசி எரிகிற வாடை.

வளைவு திரும்பினால் அவள்.

ஆரஞ்சுச் சட்டை. கொசுவலை. பலகையில் ‘நில்’.

டோரா காலை ஊன்றி நின்றாள்.  வாயைத் திறப்பதற்குள் எஃபி பேசினாள். வீட்டுக் குரல் இல்லை, வேலைக் குரல்.

“பைலட் வண்டி வருதுங்க. சைக்கிளை அதுல ஏத்திக்குவாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

“அக்கா, நான் டோரா.”

“பைலட் வண்டி வருதுங்க.”

டோரா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். மேபலைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்கு வா என்று கெஞ்சினாள். வலைக்குப் பின்னால் எதுவும் அசையவில்லை. வழிப்போக்கர்களிடம் சொல்வதையே அவள் மரியாதையாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போது இடுப்பில் ரேடியோ கரகரத்தது. ஆண் குரல். டோராவுக்குத் தெரிந்த குரல், கர்ட்டின் குரல்.

“எஃபி, அங்கேயே நில்லு. வண்டி வந்துக்கிட்டிருக்கு.”

“சரிங்க மேஸ்திரி.”

கூப்பிட்டேன், பதில் இல்லை என்று சத்தியம் செய்தானே. அவன் கூப்பிட்டிருக்கிறான். இவள் பதில் சொல்லியிருக்கிறாள். நில் என்று சொன்னவனே அவன்தான்.

டோராவுக்குப் பயம் போய்விட்டது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.  எட்டி அந்த ரேடியோவைப் பிடுங்கினாள். பனிக்கட்டி மாதிரி இருந்ததாம், தோல் ஒட்டிக்கொண்டதாம். பொத்தானை அமுக்கினாள்.

“கர்ட், எங்க அக்கா இங்கதான் நிக்கிறா. வண்டி வராதுன்னு நீயே அவகிட்ட சொல்லு.”

வெறும் இரைச்சல். நீண்ட நேரம். பிறகு அதே குரல், நிதானமாக, யாருக்கோ அறிக்கை வாசிப்பதுபோல.

“அங்க யாரும் கிடையாது. எல்லாரையும் கூட்டியாந்துட்டோம். அவ அப்பவே இடத்தை விட்டுப் போயிட்டா. குடிச்சிருப்பா.”

எஃபி கேட்டுக்கொண்டிருந்தாள்.

தலை மெல்லச் சாய்ந்தது. வலைக்குள்ளிருந்து ஒரு மூச்சு. அவ்வளவுதான். பிறகு அந்தப் பலகையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். ‘மெதுவாகப் போ.’

“போலாம்,” என்றாள்.

டோரா சைக்கிளை நகர்த்தவில்லை. எஃபிதான் நகர்ந்தாள். டோராவைத் தாண்டி, தெற்கே, நடு ரோட்டில், அவசரமில்லாமல். சரளையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. டோரா திரும்பிப் பார்த்தபோது சத்தம் மட்டும் மலை ஏறிப் போய்க்கொண்டிருந்தது. கொசு மறுபடி மொய்த்தது. ரேடியோ இல்லை. உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

பாலத்தில் லயனல் அவள் சைக்கிளை வாங்கி லாரியில் ஏற்றினான். அவளாகச் சொன்னாள்: “அவ கேட்டுட்டா அண்ணே. அவனைப் பத்தி இப்ப அவளுக்குத் தெரியும்.”

அதற்குப் பிறகு இந்தச் சாலையில் எந்த சைக்கிள்காரரையும் யாரும் நிறுத்தவில்லை. நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

அந்த ஓரத்தில் ஒருவர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் முடியவில்லை.

கர்ட் இந்தக் கோடையில் மேற்கே வேறொரு சாலையில் வேலை எடுத்திருக்கிறான். டோரா போய்க் கொடிக்காரி வேலை கேட்டாள். குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கேட்டாள். அவனுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. தொப்பியைக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டான். எங்கள் பெண்ணைப் புகையில் விட்டுவிட்டு வந்தவனுக்கு எங்கள் பெயர்கூட ஞாபகமில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு புது விதி இருக்கிறது. சாயங்காலம் ஆட்களை வண்டியில் ஏற்றி, தலையை எண்ணிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முதல் நாள் கர்ட் எண்ணினான். ஒரு தலை கூடுதலாக வந்தது. மறுபடி எண்ணினான். மறுபடியும் ஒன்று கூட. பின்னாலிருந்து ரோலர் ஓட்டுகிறவன் சொன்னானாம், கால் விரலையும் சேர்த்து எண்ணிட்டீங்களா பாஸ் என்று. வண்டியே சிரித்தது. வேறொருவன் எழுந்து எண்ணினான். சரியாக இருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். மற்றவர்கள் எண்ணினால் சரி. கர்ட் எண்ணினால் ஒன்று கூட. எண்ணிக்கை சரியாக வராமல் வண்டியைக் கிளப்ப அவனுக்கு இப்போது தைரியம் இல்லை. பசியோடு எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கெட்ட வார்த்தையில் திட்டுகிறார்கள். வண்டிக்குள் எங்கிருந்தோ பாசி எரிகிற வாடை வருகிறது, யாருடா அங்க சிகரெட்டு என்று கத்துகிறார்கள். யாரும் பிடிக்கவில்லை.

இப்போது அவன் எண்ணுவதை விட்டுவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக இருக்கேன், இருக்கேன் என்கிறார்கள். கடைசிப் பெயர் டோரா. இருக்கேன் என்கிறாள். கர்ட் அதோடு நிறுத்திவிட்டு, கடைசி வரிசையைப் பார்த்தபடி நிற்கிறான். முகம் வெளிறிப் போகிறது. இன்னும் ஒரு பெயர் இருக்கிறது. அது என்னவென்று இப்போது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதைக் கூப்பிட்டால், அவளை அங்கே விட்டுவிட்டு வந்தேன் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டதாகும். அதனால் கூப்பிடாமல் நிற்கிறான்.

டோரா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து மேபலிடம் சொல்கிறாள், இன்னிக்கும் சொல்லலடி, சொல்ல வைக்காம நான் வரமாட்டேன் என்று. போன வாரம் எனக்கும் ஒன்று சொன்னாள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டால் வண்டிக்குள் சத்தமே இருக்காதாம். கர்ட் வாயைத் திறந்து திறந்து மூடுவானாம். அவன் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும், அவள் பக்கத்துக் காலி இருக்கையில்...

பதில் சொல்வதற்காக யாரோ மூச்சை உள்ளே இழுக்கிறார்களாம்.