ஒன்பதாவது விதி

இல்லம்மா, பொம்மைய வெளிய எடுக்காதீங்க. பைக்குள்ளயே இருக்கட்டும். முதல்ல உக்காருங்க. வாங்கன்னு மெயில் போட்டது நான்தான், ஆனா உங்க சேவையில மயங்கிப் போடல. இந்த இல்லத்துல முப்பத்தெட்டு பிள்ளைங்களுக்கு ஒரே வார்டன் நான். மயங்குறதுக்கெல்லாம் எனக்கு எங்க நேரம்?

இத படிங்க. வெளிநாட்டுத் தொண்டர்களுக்கான விதிமுறைகள். ஆமா, போன வருஷம் நீங்க கையெழுத்துப் போட்டப்ப ஒரே பக்கம்தான். இப்ப நாலு. எல்லாம் உங்கள மாதிரி புண்ணியவதிங்க புண்ணியத்துல வளந்தது.

போட்டோ எடுக்கக் கூடாதுன்னு முதல்லயே போட்டிருக்கு பாருங்க. போனைத் தூக்கினாலே எங்க பிள்ளைங்களுக்கு மூஞ்சி தானா சோகமாயிடுது. சிரிச்சா உங்காளுங்களுக்குப் பிடிக்காதுன்னு அதுங்களே கண்டுபிடிச்சிருச்சுங்க.

நாலாவது, சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. சிரிக்காதீங்க. உங்க பின்னாடி இருக்கே அந்தச் சுவரு, ஒரே வருஷத்துல ஆறு தடவ. ஒரு கும்பல் வானவில் போடும், அடுத்த கும்பல் வந்து அது மேலயே பட்டாம்பூச்சி போடும். கூரை ஒழுகுது, அதப் பாருங்கன்னா மட்டும் ஒருத்தருக்கும் ஏணி ஏறத் தெரியாது.

அப்புறம் இந்த இங்கிலீஷ் பாடம். வர்றவங்க எல்லாம் ரெண்டு வாரம். எல்லாரும் ஏ-ல ஆரம்பிச்சு எஃப் வந்ததும் பெட்டியக் கட்டிடுறீங்க. அந்த ஆறு எழுத்துல எங்க பிள்ளைங்க கரை கண்டதுங்க. ஏழாவதா ஒண்ணு இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டேங்குதுங்க.

தண்ணியா? அங்க ஃபில்டர்ல இருக்கு, நீங்களே பிடிச்சுக்கோங்க.

இப்ப ஒன்பதாவது. சத்தமா படிங்க. ஆமா, சரியாத்தான் அடிச்சிருக்கு, தப்பெல்லாம் இல்ல. கிளம்பும்போது பிள்ளைங்ககிட்ட போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது. போறேன்னுதான் சொல்லணும். தெரியும்மா, தெரியும். போறேன்னு சொன்னா நம்ம வீட்டுல வாயிலயே ஒண்ணு வைப்பாங்க. கண்காணாத ஊர்ல வளத்தாலும் உங்கம்மா உங்களுக்கு நல்லாத்தான் பழக்கியிருக்காங்க. கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன். இனிமே எட்டிக்கூடப் பாக்கப் போறதில்லன்னாலும் போயிட்டு வரேன். பெரியவங்க யாரும் அதக் காதுல வாங்குறதில்ல. ஆறு வயசுப் பிள்ளை வாங்கும்மா.

வாயாடிய ஞாபகம் இருக்குல்ல? எப்படி மறக்கும், ரெண்டு வாரமா இடுப்பவிட்டு இறக்கலையே நீங்க. அவகிட்ட அப்படித்தானே சொல்லிட்டுப் போனீங்க? அன்னியிலேருந்து தினம் காலைல பல்லு விளக்கினதும் செருப்ப மாட்டிக்கிட்டு வாசல் கேட்டுக்குப் போயிடுவா. இன்னிக்கு மட்டும் மாடியில பிடிச்சு உக்கார வச்சிருக்கேன்.

அழாதீங்க. அழுதா உங்களுக்கு மனசு லேசாயிடும், எனக்கு வேலை கெடும்.

கேளுங்க. ஒரு டீச்சரம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் அவளத் தத்தெடுக்கக் கேட்டாங்க. தங்கமான ஜனங்க. வந்தா உங்கள மாதிரி பை நிறைய பொம்மை கொண்டாரதில்ல. தரையில சம்மணம் போட்டு உக்காந்து அவ பேசறத வாய் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அவளுக்கும் அவங்களப் பிடிச்சுப் போச்சு. ஆனா தத்துக் குடுக்குற ஆபீசர் வந்து, இவங்க கூடப் போறியாம்மான்னு கேட்டா, மாட்டேங்குறா. அக்கா வரேன்னு சொல்லியிருக்கு, நான் இல்லாதப்ப வந்துட்டா யாரு கதவு திறப்பாங்கன்னு கேக்குறா. ரெண்டு தடவ இப்படியே ஆச்சு. இன்னிக்குப் பதினோரு மணிக்குக் கடைசியா ஒரு தடவ கேப்பாங்க. இன்னிக்கும் அவ தலையாட்டலன்னா அவங்களுக்கு வேற இல்லத்துல பிள்ளை பாத்துக் குடுத்துடுவாங்க. இவ இங்கயே கேட்டுல நிக்க வேண்டியதுதான்.

அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னது. மேல போயி, நான் போறேன், இனிமே வரமாட்டேன்னு அவ மூஞ்சியப் பாத்து சொல்லணும். கட்டிப்பிடிக்காதீங்க. போன் பண்றேன், லெட்டர் போடுறேன்னு எதுவும் ஆரம்பிக்காதீங்க. உங்கள நல்லவங்கன்னு அவ நினைக்கணும்கிற ஆசைய மட்டும் கொஞ்சம் இந்த நாற்காலியிலயே விட்டுட்டுப் போங்க.

என்ன? நான் ஏன் சொல்லலைன்னு கேக்குறீங்களா? நல்லா கேட்டீங்க போங்க.

சொன்னேன். நம்பல. எப்படி நம்புவா? நீங்க போனதும் ரெண்டு நாள் சோத்தத் தொடல அவ. வாயத் திற கண்ணு, அக்கா வந்துடுவாங்கன்னேன். திறந்தா. அப்புறம் எனக்கு அதுவே வசதியாப் போச்சு. குளிப்பாட்ட, தூங்க வைக்க, ஊசி போட, எதுக்கெடுத்தாலும் அக்கா வந்துடுவாங்க. நீங்க ஒரே ஒரு தடவதாம்மா சொன்னீங்க. நான் பதினோரு மாசமா மூணு வேளையும் சொல்லி ஊட்டியிருக்கேன்.

எழுந்திருங்க, மணி பத்தரை ஆயிடுச்சு.