நாற்பத்தொரு விநாடி

— இன்னொரு தடவை படிங்க ஐயா. பாதி காதுல விழல.

— அந்தப் பக்கம் உக்காந்து படிச்சா எப்படி விழும்? அவருக்கு இடது காது சுத்தமாக் கேக்காதுங்க. இந்தப் பக்கம் வந்து உக்காருங்க.

— பரவாயில்லம்மா, இங்கயே இருக்கேன். சத்தமாப் படிக்கறேன். "மைக் அணைந்ததற்கும் துப்பாக்கி வெடித்ததற்கும் இடையே நாற்பத்தொரு விநாடி. அந்த நாற்பத்தொரு விநாடியை விலைக்கு வாங்கியது யார்? மைக்செட் வைத்தவருக்குத் தெரியும். அவர் இருபது வருடமாக வாய் திறக்கவில்லை."

— நல்லா இருக்கு கதை! வாய் திறக்கலையாமே? விசாரணைக் கமிஷன்ல ரெண்டு நாள் நின்னுக்கிட்டே பதில் சொன்னாரு. கால் வீங்கி வந்தவருக்கு ஒத்தடம் கொடுத்தது நான்.

— சும்மா இரேன் நீ. ஐயா எழுத்து நல்லா இருக்கு. தலைவரு பேசற மாதிரியே இருக்கு.

— பாராட்டு வேறயா! காட்டிக்கொடுத்தவன்னு உங்களைத்தான் எழுதியிருக்காரு. அது புரியுதா இல்லையா?

— புரியுது. அதுக்காக எழுத்து நல்லா இல்லாமப் போயிடுமா?

— மைக்செட்டு, நாளைக்கு இது அச்சுக்குப் போகுது. அண்ணனைச் சுட்டு இருபது வருஷம் ஆகறதுக்குள்ள புத்தகம் வந்தாகணும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்களை நேர்ல கேட்டுடலாம்னு வந்தேன். தலைவரோட தம்பின்னு தயங்க வேணாம். நடந்ததைச் சொன்னா ஏழாம் அத்தியாயத்தையே மாத்தறேன்.

— சொல்லித் தொலைங்களேன். இந்தப் புத்தகம் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகும். நம்ம பொண்ணு டீச்சரா இருக்கற பள்ளிக்கூடத்துக்கும்தான். இப்பவே பசங்க கரும்பலகையில மைக் படம் போட்டு வெச்சிருக்குதுங்க. அவ அழிச்சிட்டுப் பாடம் நடத்தறா.

— மறைக்க என்ன இருக்கு? கமிஷன்ல சொன்னதுதான். சாயங்காலம் மழை. மேடைக்குப் போற ஒயர் ஒரு இடத்துல அறுந்திருந்துச்சு. வேற ஒயர் இல்ல. முறுக்கி டேப் சுத்தினேன். ஈரத்துல டேப் ஒட்டல. பேச்சு நடுவுல ஜாயிண்ட் விட்டுப்போச்சு. தப்பு என்னுது. வேலைன்னா வேலை, வேற என்ன சொல்ல?

— இங்கதான் இடிக்குது. மேடையில இருந்த அஞ்சு பேர் சாட்சி பதிவாகியிருக்கு. மைக் போனதும் அண்ணன் பின்பக்கப் படியில எறங்கினாரு. எறங்கும்போதே "நான்தான் அணைச்சேன், நான்தான் அணைச்சேன்"னு ரெண்டு தடவை சொன்னாரு. அஞ்சு பேரும் ஒரே வார்த்தை. ஆனா மைக்ல இருந்த சுவிட்ச் அணையவே இல்ல. அதுக்கும் ஆதாரம் இருக்கு. நீங்க ஜாயிண்ட்டுங்கறீங்க, அவரு நான்தாங்கறாரு. ஒருத்தர் பொய் சொல்லணும். அண்ணன் பொய் சொல்லிப் பாத்திருக்கீங்களா?

— ஒரே ஒரு தடவை.

— என்ன?

— உங்க அண்ணன் மாதிரி ஒரு மனுஷனை நான் பாத்ததில்ல ஐயா. எத்தனை ஊரு, எத்தனை மேடை! வந்ததும் மாலை போட நிப்பாங்க. அவரு நேரா என்கிட்ட வருவாரு. "எந்த ஸ்பீக்கர் குழாயாவது ஆஸ்பத்திரியைப் பாத்து நிக்குதா?"ம்பாரு. நின்னா திருப்பச் சொல்லுவாரு. அந்தத் தெருவுல ஓட்டு இருக்கு தலைவரேன்னு கட்சிக்காரங்க கத்துவாங்க. "தூங்கறவன்கிட்ட ஓட்டு கேக்காதீங்கடா"ம்பாரு.

— ஆமா. அது அண்ணன்தான்.

— எனக்கு மாலையெல்லாம் தெரியாது. பேசி முடிச்சதும் குரல் கம்மிப்போயி இவருகிட்டத்தான் வந்து தண்ணி வாங்கிக் குடிப்பாராம். ஒரே சொம்புல. வீட்டுக்கு வந்து இவரு பத்து நாள் அதையே சொல்லுவாரு. அந்தச் சொம்பைத் தேய்க்கக்கூட விடமாட்டாரு, நானே சண்டை போட்டுத் தேய்ப்பேன்.

— அப்படிப்பட்ட மனுஷனை, மனு போட்டேன் பதில் வரலேன்னு ஒரு வெத்து ஆளு, ஓட்டைத் துப்பாக்கியோட வந்து ஒத்தை ஆளா முடிச்சிட்டான்னு சொன்னா எப்படி நம்பறது மைக்செட்டு? பின்னாடி பெருசா யாரோ இருக்கணும். இருந்தே ஆகணும். ஊரே அதைத்தானே சொல்லுது.

— ஊரு அப்படித்தான் சொல்லும். நான் என் வேலையை வெச்சுச் சொல்றேன், கேளுங்க. ஒன்றரை மைலுக்குக் குழாய் கட்டியிருப்பேன். முப்பது குழாய். திடீர்னு அத்தனையும் செத்துப்போகும். கடைசியில நிக்கறவன் என்ன நினைப்பான்? கரண்டு போச்சா, கலவரமா, போலீஸ் வந்துடுச்சான்னு ஓட ஆரம்பிப்பான். நான் தேடிக்கிட்டே போவேன். பாத்தா முடி மாதிரி ஒரு கம்பி விலகியிருக்கும். "இதுக்கா இவ்வளவு?"ன்னு கேப்பாங்க. நம்பவே மாட்டாங்க. சத்தம் எவ்வளவு பெருசோ, அவ்வளவு பெரிய காரணம் வேணும் அவங்களுக்கு.

— நீங்க பேசறது நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு வாக்குமூலம் ஒட்டலையே.

— ஏங்க, ஒரே ஒரு தடவைன்னீங்களே. தலைவரு என்ன பொய் சொன்னாரு? எனக்கே சொன்னதில்லையே.

— அதை விடு.

— விடறதா? இருபது வருஷமா நான் எதைத்தான் விடல? கடை போச்சு, விட்டேன். கல்யாணத்துக்கு ஒருத்தன்கூட மைக்செட்டு கேட்டு வரல, விட்டேன். இன்னிக்கு விடமாட்டேன்.

— அவரு சொன்ன "நான்தான் அணைச்சேன்" இருக்கே, அதுதான் பொய். மேடைக்குப் பின்னாடி, திரைக்கு அந்தாண்ட நான் ஒயரைத் தேடிக்கிட்டு இருந்தேன். கட்சிக்காரன் ஒருத்தன் ஆத்திரத்துல என்னை அடிக்க வந்துட்டான். தலைவரு பாத்துட்டாரு. நான்தான் அணைச்சேன், அவனை விட்டுடுன்னு எறங்கி வந்தாரு. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? அட கடவுளே! இதைக் கமிஷன்ல சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே! எனக்காகத்தான் பொய் சொன்னாருன்னு ஒரு வார்த்தை!

— எவ்வளவு பெரிய மனுஷன், ஒரு மைக்செட்டுக்காரனுக்காகப் பொய் சொன்னாருன்னா யாரு நம்புவா? சதின்னா நம்புவாங்க. அதோட, சொன்னா அடுத்த கேள்வி வரும்.

— என்ன கேள்வி?

— அடிக்க வந்தது யாருன்னு.

— யாரு மைக்செட்டு?

— தெரியல ஐயா. மேடை விளக்கு கண்ணுல அடிச்சுது.

— விளக்கெல்லாம் மேடைக்கு முன்னாடி. உங்களுக்கும் விளக்குக்கும் நடுவுல திரை இருந்துச்சு. நானே படம் போட்டு புத்தகத்துல சேத்திருக்கேன்.

— அப்ப இருட்டா இருந்திருக்கும்.

— இருங்க, இருங்க. ஐயா, உங்க புத்தகத்துல நீங்க எங்க இருந்ததா எழுதியிருக்கீங்க?

— முன்வரிசையில. வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்தேன்னு.

— இதை எதுக்குக் கேக்கற நீ? ஐயாவுக்கு டீ கொண்டாந்து கொடு. ஆறிப்போகுது.

— அம்மா, நீங்க இருங்க. ஒண்ணு கேக்கறேன். இவருக்கு இந்தக் காது எப்பப் போச்சு?

— அதே வருஷம்தான். குழாய்ப் பக்கத்துலயே நின்னு நின்னு தொழில் காதைத் தின்னுடுச்சும்பாரு. டாக்டர்கிட்டயும் அதையேதான் சொன்னாரு.

— தொழில் தின்னா ஒரு காதை மட்டும் தின்னுமா?

— ஐயா, விட்டுடுங்க. அத்தியாயத்தை மாத்த வேணாம். எழுதினபடியே அச்சுக்குப் போகட்டும்.

— இப்பவும் எனக்காகத்தான் பேசறீங்க. இருபது வருஷமா கமிஷன்ல, கடைத்தெருவுல, கரும்பலகையில எங்க அவமானப்பட்டாலும் என் பேரை நீங்க சொல்லல. எப்பச் சொல்லுவீங்கன்னு பயந்து பயந்துதான் நான் உங்களைப் பத்தி எழுத ஆரம்பிச்சேன். முதல்ல ஒரு துண்டு நோட்டீஸ். ஊரு அப்படியே புடிச்சிக்கிச்சு. அப்புறம் எழுத எழுத எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. பின்னாடி பெருசா யாராவது இருந்தாத்தான் நான் தூங்க முடியும். அம்மா, இவரை அறைஞ்சது நான்.

— என்னங்க இது? இவரு சொல்றது கேட்டுச்சா உங்களுக்கு?

— எந்தப் பக்கத்துல இருந்து சொன்னாரு? இந்தக் காதுல ஒண்ணும் விழலையே. நீயும் கேக்கல. ஐயா ஒண்ணும் சொல்லல.

— என்னங்க!

— ஒண்ணும் சொல்லலைன்னா சொல்லல. அவரு அண்ணனைப் பறிகொடுத்தவரு. அதுக்கு மேல எதுக்கு?

— வேணாம் மைக்செட்டு. அண்ணனும் இப்படித்தான் உங்களுக்காக ஒரு பொய் சொல்லிட்டுப் போனாரு. நல்ல பொய்தான். அதுல நான் ஒரு புத்தகமே கட்டிட்டேன். நீங்களும் ஒண்ணு சொல்லாதீங்க. அம்மா, கொஞ்சம் நகருங்க. நான் அந்தப் பக்கம் வரணும்.

— வாங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. நான் உங்களைத் திட்டறதா, கும்புடறதான்னே தெரியல.

— திட்டுங்க. அது அப்புறம். மைக்செட்டு, இது கேக்கற காதுதானே?

— ஐயா, வேணாம்னு சொல்றேன்.

— ரெண்டாவது அடிக்கு நான் கை ஓங்கினேன். அண்ணன் எறங்கி வந்து அந்தக் கையைப் பிடிச்சாரு. அவருக்குப் பின்னாடி துப்பாக்கியோட ஒருத்தன் வர்றதை நான் பாத்தேன், அவரு பாக்கல. கையை விடுங்கன்னு நான் திமிறினேன். விட்டா உங்களை அடிச்சிடுவேன்னு நினைச்சு அவரு விடவே இல்ல.